தூண்டில் போடும் இடத்தில் கொசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) தூண்டில் போட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஈயம் தோண்டிய பழைய குட்டைகள், செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்கள், ஊரை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறு என்று ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொள்ளலாம். மலேசியாவிலேயே முதன்முதலாக 1917-ல் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டமும் இங்கேதான் இருக்கிறது. தண்ணீரும் நிழலும் இவ்வளவு இருக்கும் ஊரில் கொசுவும் இருக்கும். இரை வாங்கும் கடையிலும், கோயில் திருவிழாவிலும், குட்டை ஓரத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

குட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தாலே மொய்க்குது. பக்கத்துல இருக்கிறவரை விட்டுட்டு என்னையே ஏன் தேடி வருது?

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர்வதற்கு அதற்கு இரத்தம் வேண்டும். நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவைத் தூரத்திலிருந்தே உணர்ந்து காற்றின் எதிர்த்திசையில் பறந்து வரும். கிட்டே வந்ததும் உடம்புச் சூடும், வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம் போன்றவற்றின் வாடையும் வழி காட்டும். அந்த வாடை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே பாயில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் கால் முழுக்கத் தடிப்பு வருவது உண்மையாகவே நடப்பதுதான்.

சைக்கிள் மிதித்து வந்து வியர்வையோடு உட்காருகிறவர்களை முதலில் பிடிக்கும். முகம், கை, கால் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

எந்த நேரத்துல போனா கொசு இருக்காது?

கொசுவே இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. நேரத்துக்கு நேரம் ஆள் மாறும், அவ்வளவுதான். காலில் வெள்ளை வரி உள்ள, டிங்கி பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்து ஓரிரு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்திய இரண்டு மணி நேரமும் அதற்கு உச்சம். ரப்பர், செம்பனை நிழலில் கணுக்காலைச் சுற்றுவது பெரும்பாலும் இதன் ஒரு வகையான ஏடிஸ் அல்போபிக்டஸ். நமக்கு ஆண்டு முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. மறைந்த பிறகு கியூலெக்ஸும் மன்சோனியாவும் வரும். ஆகாயத் தாமரை மூடிய குட்டையில் உட்காருகிறவர்களுக்கு மன்சோனியா நன்றாகத் தெரிந்திருக்கும். சட்டைக்கு மேலேயே சுருக்கென்று குத்துவது பெரும்பாலும் அதுதான்.

வெயில் ஏறிய காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை திறந்தவெளியில் தொல்லை குறைவு. மீனும் அப்போது குறைவாகத்தான் கடிக்கும் என்பதால் யாரும் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் நேரத்தைவிட இடத்தைப் பார்ப்பது நல்லது. செம்பனை நிழல், புதர், நீர்ச்செடி மூடிய கரை ஆகியவற்றை விட்டு, காற்று முகத்தில் அடிக்கும் திறந்த கரையில் உட்காருங்கள். கொசு பலமாகப் பறக்கும் பூச்சி அல்ல. நல்ல காற்றில் அதால் உடம்பில் இறங்க முடியாது. சார்ஜ் செய்யும் சின்ன மின்விசிறி இருந்தால் கால் பக்கம் திருப்பி வையுங்கள். நான் பார்த்தவரை கொசுவத்தியைவிட அதற்குப் பலன் அதிகம்.

கருப்புச் சட்டை போட்டா அதிகமா கடிக்குமாமே? என்ன உடுத்திட்டுப் போறது?

உண்மைதான். கொசு கிட்டே வந்ததும் கண்ணாலும் தேடும். கருப்பு, கருநீலம், சிவப்பு அதன் கண்ணில் சீக்கிரம் படும். வெளிர் நிறத்தில் முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். நிறத்தைவிட முக்கியம் உடை தளர்வாக இருப்பது. உடம்போடு ஒட்டும் ஜெர்சியும் லெக்கிங்ஸும் கொசுவின் ஊசிக்குத் தடையே இல்லை.

கணுக்காலை மறக்காதீர்கள். செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருவதுதான் நம்மவர்கள் பழக்கம், ஏடிஸ் தேடுவதும் அங்கேதான். தோட்ட வேலைக்குப் போடும் ரப்பர் சப்பாத்து, உள்ளே நீளக் காலுறை, காலுறைக்குள் செருகிய காற்சட்டை இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. கழுத்துக்கு ஒரு துண்டு போதும்.

கடையில பத்து வகை இருக்கு. எந்த மருந்தைப் பூசறது?

டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்பி, கலந்திருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். நம்பக்கூடியவை சில பெயர்கள்தான்: டீட், பிக்காரிடின் (சில டப்பாவில் இக்காரிடின் என்றிருக்கும்), ஐஆர் 3535, பிஎம்டி. இவற்றில் எதுவும் இல்லையென்றால் வாசனைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

டீட் 1940-களில் அமெரிக்க இராணுவத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. மிக நீண்ட காலம் சோதிக்கப்பட்டதும் அதுவே. அதில் விழுக்காடு கூடினால் பாதுகாப்பு பலமாகாது, நீடிக்கும் நேரம்தான் கூடும். பத்து விழுக்காடு சுமார் இரண்டு மணி நேரம், இருபத்தைந்து முப்பது விழுக்காடு ஐந்தாறு மணி நேரம் தாங்கும். ஐம்பதுக்கு மேல் போவதால் கூடுதல் பயன் கிடையாது. பிக்காரிடின் இருபது விழுக்காடு டீட்டுக்குச் சமமாக வேலை செய்யும். வாடை குறைவு, பிசுபிசுப்பும் இல்லை. மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பிக்காரிடின்தான். ஏன் என்பது ரீல் பற்றிய கேள்வியில் வரும்.

துணிக்கு வெளியே தெரியும் தோலில் மட்டும், இடைவெளி விடாமல் பூசுங்கள். காதுப் பின்புறம், கழுத்துப் பிடரி, கணுக்கால் மூன்றும் அடிக்கடி விட்டுப்போகும் இடங்கள். வெயில் கிரீம் பூசுவதாக இருந்தால் அதை முதலில் பூசி, காய்ந்த பிறகு இது. முகத்தில் நேராக அடிக்காமல் கையில் எடுத்துத் தடவுங்கள். புண்ணிலும் கண்ணோரத்திலும் படக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை கரைத்துவிடும் என்பதால் டப்பாவில் போட்ட நேரத்துக்கு முன்பே மறுபடி பூச வேண்டி வரும். வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.

செராய் வாங்கி எண்ணெய், வேப்பெண்ணெய், கோடாலித் தைலம், இதெல்லாம் இயற்கையானதுதானே? போதாதா?

செராய் வாங்கி (சிட்ரோனெல்லா) எண்ணெயில் கொசுவை விரட்டும் குணம் இருப்பது உண்மை. ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். பூசி ஒரு மணி நேரத்துக்குள் பலன் பெரும்பாலும் போய்விடுவதால், ஒரு மாலை முழுக்க உட்கார வேண்டுமானால் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். வேப்பெண்ணெயின் பலனும் நிலையாக இல்லை. தைலங்கள் கடித்த இடத்து அரிப்புக்கு இதம் தரும், கடியைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். செடியிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்றால் மேலே சொன்ன பிஎம்டி இருக்கிறது. எலுமிச்சை வாசம் கொண்ட ஒரு வகை யூக்கலிப்டஸ் மரத்து எண்ணெயிலிருந்து கிடைப்பது அது.

மண்ணெண்ணெய், டீசல் இரண்டையும் தோலில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் செய்கிறார்கள். தோல் வெந்துபோகும், பக்கத்தில் நெருப்பு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

கொசுவத்தி ரெண்டு கொளுத்தி வச்சா போதாதா? அந்தக் காலத்துல பால் மரம் சீவப் போனவங்க அதைத்தானே இடுப்புல கட்டிக்கிட்டுப் போனாங்க?

போனார்கள். இருட்டோடு பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், தலையில் விளக்கு, இடுப்பில் தகர டப்பாவில் புகையும் கொசுவத்தி என்று நிரையில் நடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நம்மில் பலர். அது அவர்களுக்கு உதவியதற்குக் காரணம் உண்டு. விடியற்காலைத் தோப்புக்குள் காற்று அசையாது, புகை உடம்போடு ஒட்டியே இருக்கும். குட்டைக் கரை திறந்தவெளி. புகை காற்றோடு ஒரு பக்கம் போகும், கொசு மறு பக்கத்திலிருந்து வரும். கொளுத்துவதானால் காற்று வரும் பக்கமாக, தரையில், கால் அருகே இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். கிரீமுக்கும் உடைக்கும் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்குப் பதிலாக வேண்டாம்.

கூடாரத்துக்குள்ளும் காருக்குள்ளும் கொளுத்தவே கூடாது. சீன, மலேசியக் கொசுவத்திகளைச் சோதித்து 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு கொசுவத்தி முழுதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கண்டார்கள். தேங்காய் மட்டை, வேப்பிலைப் புகைக்கும் நுரையீரல் ஒன்றுதான். ஆஸ்துமா உள்ளவர் கூட இருந்தால் எந்தப் புகையும் வேண்டாம்.

கையில கிரீம் வாசம் இருந்தா மீன் இரையைத் தொடாதாமே?

இந்தப் பயத்தினாலேயே பலர் பூசாமல் கடி வாங்குகிறார்கள். கெலி போன்ற மீசை மீன்கள் வாசனையையும் ருசியையும் வைத்துத்தான் இரை தேடும் என்பதால் கையைச் சுத்தமாக வைத்திருப்பது நியாயம்தான். வழி எளிது. முதலில் இரையையும் தூண்டிலையும் ஏற்பாடு செய்யாதீர்கள். முதலில் மருந்து பூசுங்கள். பூசியதும் உள்ளங்கையையும் விரல்களையும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். இதற்கென்று ஒரு புட்டித் தண்ணீர் கொண்டு போங்கள், குட்டையில் கழுவ வேண்டாம். மறுபடி பூசும்போது புறங்கையால் தடவலாம், அல்லது கூட வந்தவரை ஸ்ப்ரே அடிக்கச் சொல்லலாம். கொசு உள்ளங்கையில் கடிப்பது அபூர்வம், அதனால் அங்கே மருந்து தேவையில்லை.

மருந்து பட்டு ரீல் கைப்பிடி பிசுபிசுன்னு ஆயிடுச்சு. கண்ணாடியும் மங்கிடுச்சு. இது தோலை என்ன செய்யும்?

அது டீட் வேலை. சில வகை பிளாஸ்டிக்கையும் சாயத்தையும் மெருகுப் பூச்சையும் அது கரைக்கும். கைக்கடிகாரக் கண்ணாடி, கறுப்புக் கண்ணாடிச் சட்டம், மிதவை, ரப்பர் தவளை, கம்பின் வார்னிஷ் எல்லாம் கெடலாம். தோல் பிளாஸ்டிக் அல்ல. டப்பாவில் சொன்னபடி பூசினால் தோலுக்குப் பெரும்பாலும் எந்தக் கேடும் இல்லை. பருத்தித் துணியும் நைலானும் கெடாது. பிக்காரிடின் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்வதில்லை. நல்ல ரீல் வைத்திருப்பவர்களுக்கு அதைச் சொல்வது இதனால்தான்.

போன்ல ஒரு ஆப் இருக்காம், சத்தம் போட்டா கொசு ஓடுமாம். கைவளையம், நீல விளக்கு, பூண்டு?

எதுவும் பயன்படாது. ஒலியால் கொசுவை விரட்டும் கருவிகள் பற்றிய ஆய்வுகளை 2007-ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது கடி குறைந்ததாக எதிலும் இல்லை. வாசனைக் கைவளையம் கட்டிய மணிக்கட்டுக்கு ஒரு சாண் தள்ளியே கொசு உட்காரும். நீல விளக்கில் வெடிப்பது பெரும்பாலும் அந்துப்பூச்சி. பூண்டும் வைட்டமின் மாத்திரையும் சாப்பிட்டவரைக் கொசு விட்டுவைப்பதில்லை. பீர் குடித்தவர்மேல் அதிகக் கொசு உட்கார்ந்ததாக ஜப்பானிலும் ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவிலும் செய்த சிறு ஆய்வுகள் உண்டு. தண்ணீர் ஓரத்தில் குடிக்காமல் இருக்க அதைவிடப் பெரிய காரணங்களும் இருக்கின்றன.

பையனையும் கூட்டிட்டுப் போறேன். அவனுக்குப் பூசலாமா? வீட்டுக்காரி மாசமா இருக்கா, அவளும் வர்றேங்கிறா.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த மருந்தும் வேண்டாம், வலையும் உடையும்தான். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டீட்டோ பிக்காரிடினோ குறைந்த விழுக்காட்டில் பூசலாம். பிஎம்டி மூன்று வயதுக்குக் கீழ் கூடாது. பெரியவர் தன் கையில் எடுத்துப் பூசிவிட வேண்டும். பிள்ளையின் கையில் பூசக் கூடாது, அது வாய்க்கும் கண்ணுக்கும் போகும்.

கர்ப்பிணிகளும் டப்பாவில் உள்ளபடி இவற்றைப் பூசிக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் டிங்கி வருவது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து, அதோடு ஒப்பிட்டால் மருந்தைப் பற்றிய பயம் தேவையில்லை. ஆனாலும் பொழுது சாயும் நேரம் குட்டைக் கரையில் அவர் உட்காரத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

நாங்க உட்கார்ற குட்டைதான் டிங்கி கொசுவை உற்பத்தி பண்ணுதா? கழிவு எண்ணெய் ஊத்தினா செத்துடும்ல?

இல்லை. மீன் உள்ள பெரிய குட்டையில் ஏடிஸ் முட்டையிடுவதில்லை. அதற்கு வேண்டியது சின்ன இடத்தில் தேங்கிய தெளிந்த தண்ணீர். சீவாமல் விட்ட ரப்பர் மரத்தில் தொங்கும் மங்கு, பழைய டயர், செம்பனை மட்டை இடுக்கு, நீங்கள் போன வாரம் கரையில் எறிந்த மீ கோப்பை, கவிழ்க்காமல் விட்ட சம்பான், வீட்டுப் பின்புறம் வைத்த இரை வாளி. இதில் தண்ணீர் நின்றால் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் மழை பட்டதும் பொரிக்கும். அதனால் வாளியைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டு வளாகத்தில் புழு கண்டால் சுகாதார அதிகாரிகள் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் போடுவார்கள்.

குட்டையிலிருந்து வருவது முன்பு சொன்ன மன்சோனியா. அதன் புழு ஆகாயத் தாமரை வேரில் துளையிட்டு அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும், மேலே வராது. ஆகவே எண்ணெய் ஊற்றினாலும் அது சாகாது, மீன்தான் சாகும். தண்ணீரில் கழிவு எண்ணெய் கொட்டுவது குற்றமும்கூட. செடியை அகற்றுவதுதான் வழி, அதுவும் குட்டை முழுக்க. ஓரத்தில் நான்கு பிடி இழுத்துப் போட்டால் கொசு மறுகரையிலிருந்து பறந்து வரும்.

எண்ணெய் யோசனை எங்கிருந்து வந்தது என்பது தெரியும். அது மலேரியா காலத்து வேலை. 1901-ல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களில் கால்வாய் வெட்டுவதும் எண்ணெய் தெளிப்பதும் வழக்கமானது. அந்த மண்வெட்டியைப் பிடித்தவர்களில் நம் ஆட்கள் நிறைய. மலேரியாவில் போனவர்களிலும் நம் ஆட்கள் நிறைய. அந்த எண்ணெய் நீர்ப்பரப்புக்கு வந்து மூச்சு வாங்கும் அனோபிலிஸ் புழுவுக்கானது. இங்கே கதை வேறு.

கோலசிலாங்கூர் பக்கம் படகுல உடாங் காலா பிடிக்கப் போறோம். சாயங்காலம் ரிட்செக்ட் மாதிரி ஸ்ப்ரேயைச் சுத்தி அடிச்சுக்கலாமா?

வேண்டாம். அறைக்குள் அடிக்கும் ஸ்ப்ரேயிலும் கொசுவத்தியிலும் இருப்பது பைரித்திராய்டு வகை மருந்து. மனிதருக்கு அவ்வளவு கேடில்லை, மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். நீங்கள் பிடிக்கப் போகிற உடாங் காலாவுக்கே அது எமன். அதே வகை மருந்தான பெர்மெத்ரின் ஏற்றிய உடையைப் போடலாம், ஆனால் ஆற்றில் அலசக் கூடாது. கம்போங் குவாந்தான் பக்கம் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளும் பூச்சிதான் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே தோலில் பூசும் மருந்து போதும்.

ஆற்று முகத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அகாஸ், சாதாரணக் கொசுவலை ஓட்டைக்குள்ளேயே நுழைந்துவிடும். மேலே சொன்ன கிரீம்கள் அதையும் ஓரளவு விரட்டும். காற்றடித்தால் அது கொசுவைவிடச் சீக்கிரம் ஒதுங்கிவிடும்.

உலு பக்கம் காட்டாத்துல மீன் பிடிச்சிட்டு வந்தேன். இப்போ காய்ச்சல். இங்கேதான் மலேரியா ஒழிஞ்சு போச்சே, டிங்கியாத்தானே இருக்கும்?

அப்படி முடிவு செய்யாதீர்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு பரப்பும் மலேரியா 2018 முதல் இந்நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து காட்டுக் கொசு கொண்டுவரும் நோலெசி மலேரியா இருக்கிறது. மனிதருக்கு அது இயற்கையாகத் தொற்றியது முதன்முதலில் 1965-ல், பகாங் காட்டுக்குப் போய் வந்த ஓர் அமெரிக்கரிடம் கண்டறியப்பட்டது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் என்பதால் சில நாளில் நிலைமை மோசமாகலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். போனதும் எங்கே மீன் பிடித்தீர்கள், எப்போது, காட்டோரமா, குரங்கு இருந்ததா என்று நீங்களே சொல்லுங்கள். மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள் என்று கேளுங்கள். காலில் புண்ணோடு தண்ணீரில் இறங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலும் இதே மாதிரிதான் தொடங்கும், கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வரலாம். இரத்தம் பார்க்கும்வரை காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோபனும் டிங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டும்.

டிங்கின்னு சொன்னாங்க. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சு, உடம்பும் லேசா இருக்கு. கூட்டாளிங்க போறாங்க, நானும் போய் சும்மா உட்கார்ந்துட்டு வரலாமா?

போகாதீர்கள். டிங்கியில் காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் மிக ஆபத்தானது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும் அழுத்தம் இறங்குவதும் அப்போதுதான் நடக்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, தலைசுற்றல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்குக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். கிளினிக்கில் சொன்ன நாட்களில் இரத்தம் பார்க்கத் தவறாதீர்கள். தண்ணீர், இளநீர், கஞ்சி என்று அடிக்கடி குடியுங்கள்.

காய்ச்சல் இருக்கும் நாட்களில் உங்களைக் கடிக்கும் ஏடிஸ் அந்தக் கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அதனால் பகலிலும் வலைக்குள் படுங்கள், வீட்டில் இருந்தாலும் மருந்து பூசிக்கொள்ளுங்கள். டிங்கிக் கிருமி நான்கு வகை. ஒன்று வந்து போனால் மற்ற மூன்றும் இன்னும் வரலாம், இரண்டாம் முறை வருவது கடுமையாக இருக்கவும் கூடும். குணமாகித் திரும்பப் போகும்போது, ஒருமுறை வந்துவிட்டது இனி வராது என்று மருந்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.